ஐந்தாம் சீலமும் கற்றோர் கூட்டமும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, மட்டாஞ்சேரியில் நாம் தம்மபாடம் நடத்தும் வீட்டிற்கு ஓர் அம்மையார் வந்தார். மகனைக் குறித்துப் பேச வேண்டும் என்றார். நெடுநேரம் வாய் திறவாமல் அமர்ந்திருந்துவிட்டு, "அண்ணா, படிப்பில்லாதவன் குடிப்பான். அது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் குடித்தே போனார். படித்தவனும் குடிப்பானா?" என்று கேட்டார்.

நாம் என்ன கூறினோம்? "தங்கச்சி, படிப்பின் சூட்டில் பிள்ளைகள் சிலநாள் அப்படியும் இப்படியும் இருப்பார்கள். கற்றவன் வழி தவறமாட்டான், அஞ்ச வேண்டாம்" என்று கூறி அனுப்பிவிட்டோம். அவர் எமது சொல்லை நம்பிச் சென்றார். நாமோ நம்பவில்லை. அவர் மகனிடத்து வீசிய வாடையை நாம் முன்னரே இருமுறை அறிந்திருந்தோம். அன்று அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய விடையை இன்று இப்பாடமாக எழுதுகின்றோம். தாயும் மகனும் இசைவு தந்தே எழுதுகின்றோம். பெயர் வேண்டாம்.

கற்றவன் வழி தவறமாட்டான் என்னும் எண்ணம் எமக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதற்கண் சொல்லிவிட வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் ரிங் பிரேம் ஓட்டினோம். சம்பள நாளில் ஆலை வாயிலுக்கு வெளியே மனைவிமார் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்து நிற்பர். கணவன்மார் மற்றொரு பக்கத்துச் சந்து வழியே நழுவி மதுக்கடைக்குச் செல்வர். மறுநாட் காலை ஷிப்டில் கை நடுங்கி, அறுந்த இழையைப் பிணைக்க மாட்டாமல் நின்றவர்களை நாம் கண்டிருக்கின்றோம். அவர்களிற் பலர் கையெழுத்திடவும் அறியாதவர். ஆதலின் எழுத்தறியாமையே குடிக்குத் தாய் என்று முடிவு கட்டினோம். ஷிப்டு முடிந்தபின் விளக்கடியில் அமர்ந்து தமிழும் சிறிது ஆங்கிலமும் பாலியும் கற்றதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

இவ்வெண்ணம் எமக்கு மாத்திரம் உரியதன்று. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைக் கண்ட நாள் முதல் நம் மக்கள் கல்வியையே கரையேற்றும் தோணியாகக் கருதி வந்தனர். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளிலே குடியேன் என்பதும் ஒன்று. கல்வியும் குடியாமையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்றே நாம் பாடம் சொல்லி வந்தோம். இரண்டும் வேறு வேறு நாணயங்கள் என்பதைப் பகவான் தெளிவாகக் காட்டியிருக்க, நாம் அப்பகுதியை விரைந்து படித்துக் கடந்துவிட்டோம் போலும்.

ஐந்தாம் சீலத்தின் சொற்களை நோக்குக. சுரா, மேரயம், மஜ்ஜம், பமாதட்டானம் என நான்கு சொற்கள் அதிலுள. மாவு, பணியாரம், சோறு முதலியவற்றைப் புளிக்கவைத்து எடுப்பது சுரா. பூ, பழம், தேன், வெல்லம் இவற்றினின்று எடுப்பது மேரயம். விநயபிடகம் ஒவ்வொன்றிலும் ஐவகை கூறுகின்றது. மஜ்ஜம் என்பது மயக்குவது அனைத்திற்கும் பொதுப்பெயர். பமாதட்டானம் என்பதே இச்சீலத்தின் உயிர். கருத்தழிவு குடிகொள்ளும் இடம் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். ஆகவே இது கள்ளுக்கும் சாராயத்துக்கும் மாத்திரம் இட்ட வேலி அன்று. கஞ்சாவும், இக்காலத்து இளைஞர் கைகளிலே புழங்கும் பொடியும் மாத்திரையும் இதனுள் அடங்கும். பெயர் புதிது என்பதனால் ஒரு பொருள் சீலத்திற்கு வெளியே போய்விடாது.

இனி, இச்சீலத்தைப் பிக்குகளுக்குரிய விதியாகப் பகவான் வகுத்தருளிய வரலாற்றைச் சற்று விரித்துக் கூறுவோம். பாச்சித்திய விதிகளில் 51-ஆவது இது. இவ்வரலாறு சாதகக் கதைகளிலும் சொல்லப்பட்டிருக்கின்றது.

சாகத தேரர் என்று ஒருவர் இருந்தார். எளியவர் அல்லர். தியான வலிமை மிக்கவர். பகவான் சேதி நாட்டில் பத்தவதிகை என்னும் ஊரை நோக்கிச் செல்லும்போது, ஆயர்களும் உழவர்களும் எதிர்வந்து, "மாந்துறைப் பக்கம் போகவேண்டாம், அங்குச் சடைமுடித் துறவியின் ஆசிரமத்தில் கொடிய நாகம் இருக்கின்றது" என்று தடுத்தனர். சாகதர் அங்கே சென்று, தீவளர்க்கும் சாலையுள் புகுந்து அமர்ந்தார். நாகம் புகையும் தீயும் கக்கிற்று. தேரரும் தம் ஆற்றலால் புகையும் தீயும் எழுப்பி அதனை அடக்கினார். அவர் புகழ் நாடெங்கும் பரவிற்று.

பின்னர்ப் பகவான் கோசம்பிக்கு எழுந்தருளினார். அந்நகரத்து உபாசகர்கள் சாகதரை அணுகி, "பெரியோர்களுக்குக் கிடைத்தற்கரியது, விருப்பமானது யாது? அதனை நாங்கள் அளிக்க விரும்புகின்றோம்" என்று கேட்டனர். சாகதர் வாய் திறக்குமுன், ஆறுபேர் கூட்டத்தார் என்று விநயம் குறிக்கும் பிக்குகள் இடைபுகுந்து, "புறாக்கால் நிறத்துத் தெளிந்த மது ஒன்று உண்டு. அது பிக்குகளுக்குக் கிடைப்பது அரிது, அதைத் தயாரியுங்கள்" என்றனர். மறுநாள் நகரத்தில் வீடுதோறும் மது காத்திருந்தது. பிச்சைக்கு வந்த சாகதரை ஒவ்வொரு வீட்டாரும் அழைத்து, பருகுக என்று வேண்டினர். ஒவ்வொரு வீட்டிலும் அவர் பருகினார். நகர வாயிலில் விழுந்தார்.

அவ்வழியே வந்த பகவான் அவரைத் தூக்கிவரச் செய்தார். விகாரத்தில் பகவானை நோக்கித் தலை இருக்கும்படி அவரைக் கிடத்தினர். அவர் புரண்டு, பகவானை நோக்கிக் கால் நீட்டிப் படுத்தார். அப்பொழுது பகவான் சினக்கவில்லை. வினவினார். முன்பு இவர் எம்மிடத்து மரியாதையுடன் இருந்தவர் அல்லரோ? ஆம். இப்பொழுது அவ்வாறு இருக்கின்றாரோ? இல்லை. நாகத்தோடு போரிட்டவர் இவரே அன்றோ? ஆம். இப்பொழுது ஒரு தண்ணீர்ப் பாம்போடேனும் போரிட இவரால் இயலுமோ? இயலாது. இவ்வாறு கேட்டுக் கேட்டு, கூடியிருந்தோர் தம் வாயாலேயே உண்மையை உரைக்கச் செய்து, அதன்பின்னரே விதியை வகுத்தார்.

அன்பர்களே, பல ஆண்டுகள் இவ்வரலாற்றைச் சொல்லி வந்த நாம் இதில் ஒன்றைக் கவனிக்கவில்லை. சாகதரின் ஒழுக்கக் குறைவு என்றே சொல்லி வந்தோம். இப்பொழுது திரும்பப் படியுங்கள். அவர் மதுவைத் தேடிச் சென்றாரா? இல்லை. அவர் புகழ் அவரைத் தேடி வந்தது, அப்புகழின் கையில் கிண்ணம் இருந்தது. கேட்டவர் உபாசகர். வழி சொன்னவர் உடன்துறவிகள். கொடுத்தவர் நகரத்தார் அனைவரும். ஒரு வீட்டில் மறுத்திருந்தால் மற்ற வீட்டார் முகம் வாடுமே என்று அவர் கருதினாரோ என்னவோ, நூல் அதைச் சொல்லவில்லை. விழுந்தவர் ஒருவர். விழச் செய்தது ஒரு சமுதாயம்.

இதற்கு நேர்மாறாக நம் மணிமேகலையின் 16-ஆவது காதையிலே சாதுவன் நிற்கின்றான். கலம் உடைந்து, நக்கசாரணர் வாழும் நாகர் மலையில் கரையொதுங்கியவன். உயிர் போகும் நிலையில் அயலார் நடுவே தனியனாய் நின்றான். அவர்கள் தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுக்கச் சொல்ல, வேண்டேன் என்றான். முன்னர்ச் சூதிலும் கணிகையிடத்தும் பொருளெல்லாம் இழந்த அவனால் பகைவர் நடுவில் மறுக்க முடிந்தது. நாகத்தை வென்ற தேரரால் அன்பர் நடுவில் மறுக்க முடியவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தபோதுதான் அம்மையாருக்கு நாம் சொன்ன சொல் எவ்வளவு வெறுமையானது என்று உணர்ந்தோம்.

நிற்க. கற்றோர் கூட்டத்தில் மயக்கப் பொருள்கள் எவ்வாறு புகுகின்றன என்பதைச் சமூகவியலார் நெடுநாளாக ஆராய்ந்து வருகின்றனர். மது ஈரலை என் செய்யும் என்று மருத்துவர் கேட்பர். சமூகவியலாரோ, யார் குடிக்கின்றார், யாருடன், எந்த வயது முதல், எவர் வீட்டில், எவர் கொடுத்து என்று கேட்பர். கோசம்பியின் வாயிலில் கேட்கத்தக்க கேள்விகளும் இவையே.

இவ்வாராய்ச்சிகளை எமக்கு அறிவித்தவர் யார் என்று நினைக்கின்றீர்கள்? அந்த அம்மையாரின் மகனே. சமூகவியலில் பட்டம் பெற்று மேலும் ஆராய்ச்சி செய்துவந்தவர். எங்கள் வட்டத்தில் முதன்முதல் அந்நிலையை எட்டியவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் கூட்டத்தில் இதே பொருளைப் பற்றி அவர் உரையாற்றினார். நாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். அக்குறிப்பேட்டிலிருந்தே கீழ்க்காண்பவற்றை எழுதுகின்றோம்.

அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்ட்ராஸ், செல்டன் பேக்கன் என்னும் இருவர் 27 கல்லூரிகளில் 15,000-க்கு மேற்பட்ட மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து விடை பெற்று, 1953-இல் நூலாக வெளியிட்டனர். கல்லூரி மாணவர் குடியைப் பற்றிய பெரிய ஆராய்ச்சிகளில் முதன்மையானது இது. கல்லூரியே பிள்ளைகளைக் கெடுக்கின்றது என்று ஊரார் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆராய்ந்து பார்த்தபோது, குடித்தவர்களிற் பலர் கல்லூரியில் காலடி வைப்பதற்கு முன்பே குடிக்கத் தொடங்கியிருந்தனர் என்று தெரிந்தது. தாய்தந்தையர் பழக்கமும் சமயமும் கல்லூரியின் பெயரைக் காட்டிலும் மிகுதியாக விளக்கம் தந்தன. வீட்டின் பழக்கம் பெட்டி படுக்கையோடு விடுதிக்குச் சென்றது என்க.

1986-இல் வெஸ்லி பெர்க்கின்ஸ், ஆலன் பெர்க்கோவிட்ஸ் என்னும் இருவர் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் வேறொன்றைக் கண்டனர். ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு கேள்விகள்: குடியைக் குறித்து உன் கருத்து யாது? இக்கல்லூரியில் மற்றவர்களின் கருத்து யாதென்று நினைக்கின்றாய்? பெரும்பாலோர் தம்மளவில் மட்டோடு நிற்பவராகவே இருந்தனர். ஆயின் மற்றவரெல்லாம் மட்டுமீறிய குடியை ஏற்கின்றனர் என்று எண்ணியிருந்தனர். இல்லாத ஒரு கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் அஞ்சினர். அக்கூட்டத்தோடு ஒத்துப்போகும் பொருட்டுக் கிண்ணத்தை ஏந்தினர். எமது அறிவிற்கு எட்டியவரை, இதைவிடக் கூர்மையாக அவித்தையின் ஓர் இயல்பைக் காட்டிய ஆராய்ச்சியை நாம் கேட்டதில்லை.

நம் நாட்டிலும் இவ்வாறே என்று எண்ண இடமுண்டு. கேரளத்தைக் குடிகாரர் நாடு என்று சொல்லாதவர் இல்லை. பேருந்திலும் தேநீர்க் கடையிலும் அதுவே பேச்சு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கேரளத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆடவரில் 100-க்கு ஏறக்குறைய 20 பேர் குடிப்பவர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 25 பேர். இது சிறிய தொகை என்று நாம் சொல்லவரவில்லை. ஒவ்வொரு குடிகாரர் வீட்டிலும் அழுகை உண்டு. ஆயினும் கேரளத்தில் ஐவரில் நால்வர் குடியாதவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? குடியாத நால்வரும் வாய்மூடி இருக்கின்றனர். குடிக்கும் ஒருவரின் கூச்சலே தெருவெங்கும் கேட்கின்றது.

நாம் வாழும் எர்ணாகுளம் மாவட்டத்திலேயே ஓர் ஆய்வு நடந்து 2016-இல் வெளிவந்தது. 73 பள்ளிகளில் 7,560 மாணவர்களைக் கேட்டனர். 100-க்கு 15 பேர் ஒருமுறையேனும் மதுவைச் சுவைத்திருந்தனர். பெரும்பாலும் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே தொடக்கம். அந்த வயதுப் பிள்ளை தானே கடைக்குச் சென்று வாங்குமா? பிறர் கொடுத்ததாகவே இருத்தல் வேண்டும். 2025 மார்ச்சில் களமசேரியில் ஒரு தொழிற்கல்லூரி மாணவர் விடுதியில் காவல்துறையினர் ஏறக்குறைய 2 கிலோ கஞ்சாவைக் கைப்பற்றியபோது, நம் வட்டத்துத் தாய்மார் பலர் இரவெல்லாம் உறங்கவில்லை. ஆசிரியர்கள் எங்கே, காவலர் எங்கே என்று எல்லோரும் கேட்டனர். பகவான் கேட்டிருந்தால் வேறு கேள்வியும் கேட்டிருப்பார் என்று எமக்குத் தோன்றுகின்றது.

கேரளத்தில் இக்கேள்வியைத் தம் மக்களிடம் நேரே கேட்டவர் ஸ்ரீ நாராயண குரு. 1921-இல் அவர் மதுவைக் காய்ச்சவும் வேண்டாம், பிறர்க்குக் கொடுக்கவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம் என்று அறிவுறுத்தினார். அவரைப் பின்பற்றியவர்களிற் பலருக்குக் கள்ளிறக்குதலே தொழில் என்பதை மறவாதீர்கள். குடிப்பவனை மாத்திரம் கடிந்துவிட்டுப் போவது எளிது. அவர் கொடுப்பவனையும் சேர்த்துக்கொண்டார். பகவானும் உபாசகன் செய்யத்தகாத ஐந்து வணிகங்களில் மதுவணிகத்தைச் சேர்த்திருக்கின்றார்.

இனி மாத்திரைகளைப் பற்றி. கற்றோர் கூட்டத்திற்கே உரிய மயக்கம் ஒன்று உண்டு. அது மயங்குவதற்காக உண்பதன்று, விழித்திருப்பதற்காக உண்பது. 2008-இல் நேச்சர் என்னும் அறிவியல் இதழ் தன் வாசகரிடம் ஒரு கருத்துக்கேட்பு நடத்திற்று. 60 நாடுகளிலிருந்து 1,400 பேர் விடையளித்தனர். ஐவரில் ஒருவர், நோய் இல்லாமலே, மனத்தை ஒருமுகப்படுத்தவும் நினைவைக் கூட்டவும் மருந்துகளை உட்கொண்டதாகக் கூறினர். கவனக்குறைவு நோய்க்குரிய மீதைல்பெனிடேட்டும் உறக்க நோய்க்குரிய மோடபினிலும் அவற்றுள் முதன்மையானவை. தாமே முன்வந்து விடையளித்தோர் கணக்கு இது. அறிவியலார் அனைவரின் கணக்காகக் கொள்ளலாகாது என்று நம் இளைஞரே அன்று எச்சரித்தார்.

பால் எர்டீஷ் என்னும் ஹங்கேரி நாட்டுக் கணித மேதை 1971-இல் தாயை இழந்தபின் ஊக்க மாத்திரைகளை உண்டு வந்தார். 1979-இல் அவர் நண்பர் ரொனால்ட் கிரகாம், ஒரு திங்கள் அவற்றை விட்டிருக்க உம்மால் இயலாது என்று 500 டாலர் பந்தயம் கட்டினார். எர்டீஷ் வென்றார். ஆனால் அந்தத் திங்களில் தம் மனத்தில் ஒன்றும் எழவில்லை என்றும், கணிதம் ஒரு திங்கள் பின்தங்கிவிட்டது என்றும் குறைப்பட்டுக்கொண்டு, மீண்டும் மாத்திரையை எடுத்துக்கொண்டார். இக்கதையை இளைஞர் சொன்னபோது கூட்டத்தில் அனைவரும் நகைத்தனர். நாமும் நகைத்தோம். சொன்னவர் நகைக்கவில்லை. நாம் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

இதற்கும் விநயத்தில் இடம் இருக்கின்றது. பிலிந்தவச்ச தேரர் வாத நோயால் வருந்தியபோது, மருத்துவர் சொற்படி எண்ணெயில் மது சேர்த்துக் காய்ச்சப் பகவான் இசைந்தார். உடனே அந்த ஆறுபேர் கூட்டத்தார் மதுவை மிகுதியாகக் கலந்த எண்ணெயைக் காய்ச்சிக் குடித்து மயங்கினர். அதன்பின் மதுவின் நிறமோ மணமோ சுவையோ தோன்றாத அளவில் மாத்திரமே எண்ணெயில் சேர்க்கலாம் என்று பகவான் வரையறை செய்தார். மருந்தை அவர் தடுக்கவில்லை. மருந்து என்னும் பெயரைப் போர்த்துக்கொண்டு வருவதையே தடுத்தார். உண்மையான நோய்க்கு மருத்துவர் தரும் மாத்திரையை உண்பவர் இப்பகுதியைப் படித்து அஞ்சவேண்டுவதில்லை. அவ்வாறு அஞ்சி மருந்தை நிறுத்திவிட்ட ஒருவரை நாம் அறிவோம், ஆதலின் இதனை அழுத்திச் சொல்லுகின்றோம்.

இப்பொழுது எமது குற்றத்திற்கு வருவோம்.

அந்த இளைஞர் முதுகலைப் பட்டம் பெற்ற நாளில் எங்கள் வட்டத்தார் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தனர். நாமே தலைமை தாங்கினோம். மாலை இட்டோம். இருள் நீக்க வந்த விளக்கு என்றெல்லாம் பேசினோம். விழா முடிந்தபின் வட்டத்து வாலிபர் சிலர், "ஐயா, தம்பியை அழைத்துக்கொண்டு போய்ச் சிறிது கொண்டாடிவிட்டு வருகிறோம்" என்றனர். நாம் 500 ரூபாய் எடுத்துக் கொடுத்தோம். எங்கே போகின்றீர்கள் என்று கேட்கவில்லை. எங்கே போவார்கள் என்று எமக்குத் தெரியாது என்று சொன்னால் நான்காம் சீலமும் உடன் உடையும்.

அன்று முதல் ஒவ்வொரு திருமணத்திலும், ஒவ்வொரு புதுமனை புகுவிழாவிலும் அவரே முதல் விருந்தினர். கொல்லைப்புறத்தில் ஒரு கிண்ணமாவது பருகாமல் அவரை விடுபவர் இல்லை. "படித்த தம்பி நம்மோடு உட்கார்ந்து குடிக்கிறது, தலைக்கனம் இல்லை" என்று அதற்கு ஒரு புகழ்மாலை வேறு. பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மூட்டை சுமந்து மிளகுப் பொடியில் தும்மித் தும்மிப் பிழைப்பவர்கள் அவர்கள். தங்களை விட்டு அவர் விலகிப் போய்விடவில்லை என்பதற்கு அந்தக் கிண்ணமே அவர்களுக்குச் சான்றாயிற்று. அதைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை. மறுபுறத்தில் விடுதியில், ஆராய்ச்சிக் கட்டுரைக்கு நாள் நெருங்கியபோது, இரவு விழித்திருக்க மாத்திரை கொடுத்தவரும் உடன் கற்போரே. பகலில் உறங்க மது, இரவில் விழிக்க மாத்திரை என்று ஆயிற்று. அந்நிலையிலேதான் அவர் மூன்று ஞாயிறும் எமக்குக் கற்றோரின் குடியைக் குறித்து உரையாற்றினார். உரை மிகச் சிறப்பாக இருந்தது. சிறப்பாக இருந்தபடியாலேயே நாம் வாடையைப் பொருட்படுத்தவில்லை.

அம்மையார் வந்து சென்று மூன்றாம் திங்கள் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நாம் சென்று கண்டபோது, "ஐயா, நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லையே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சிகாலோவாத சுத்தத்தில் குடியால் வரும் கேடுகள் ஆறு எனப் பகவான் எண்ணிக் காட்டுகின்றார். பொருட்கேடு, பூசல், நோய், பழி, நாணம் இழத்தல் என ஐந்து சொல்லி, ஆறாவதாக அறிவு தளர்தலைச் சொல்லுகின்றார். முதல் ஐந்தும் ஆலைத் தொழிலாளிக்கு விளைந்ததை எம் கண்ணால் கண்டோம். ஆறாவது யாரை மிகுதியாக வருத்தும் என்பது அம்மருத்துவமனையில்தான் தெரிந்தது. ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துபோகின்றது என்று அவர் கூறினார். நூலே வாழ்வாகக் கொண்டவருக்கு அதைவிடப் பெரிய இழப்பு யாது?

அவர் திரும்பி வந்தபின் நம்முள் ஒரு சாரார், இனி அவரை மேடையேற்றலாகாது, வட்டத்தின் பெயர் கெடும் என்றனர். அவர்களுக்கு விநயத்தையே எடுத்துக் காட்டினோம். மதுவருந்துதல் பாச்சித்தியம், பாராஜிகம் அன்று. சங்கத்தை விட்டு நீக்கும் குற்றங்களில் அது வைக்கப்படவில்லை. உடன்துறவியிடம் ஒளிக்காமல் எடுத்துச் சொன்னால் தீர்வது. நுனிப்புல் அளவு பருகினும் குற்றமே என்று அத்துணைக் கண்டிப்பாக வகுத்த பகவான், பருகியவரை வெளியே தள்ளவில்லை. சாகதரோ பின்னர் அருகத நிலை எய்தினார். தீத் தியானத்தில் வல்லவர்களுள் தலையாயவர் என்று பகவான் திருவாயாலேயே சிறப்பிக்கப்பட்டார். எடுத்துச் சொல்ல இடமும், கேட்க ஆளும் வேண்டும். அவ்விரண்டும் எங்கள் வட்டத்தில் இல்லாமலிருந்தன.

இளைஞர் தாமாகவே ஒரு யோசனை சொன்னார். அந்த 1986-ஆம் ஆண்டு ஆராய்ச்சியை நம் வட்டத்திலேயே செய்து பார்க்கலாம் என்பது அது. வினாத்தாள் வேண்டாம், நம்மவரில் எழுதத் தெரியாதவரும் உளர் என்று கருதி, திரைக்குப் பின்னால் இரண்டு மண்கலயங்களை வைத்தார். ஆடவர் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு புளியங்கொட்டைகள். இங்குள்ள ஆடவரில் பெரும்பாலோர் குடிப்பவர் என்று நினைத்தால் முதற் கலயத்தில் ஒன்று இடுக. இந்தத் திங்களில் நீ குடித்திருந்தால் இரண்டாவது கலயத்தில் ஒன்று இடுக. இல்லையேல் கொட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடுக.

கூட்டத்தின் நடுவே கலயங்களைக் கவிழ்த்தோம். முதற் கலயத்திலிருந்து விழுந்த குவியலைக் கண்டு ஒருவரும் வியக்கவில்லை. இரண்டாவதிலிருந்து விழுந்தது ஒரு பிடிக்கும் குறைவு. சிலர் உண்மையை மறைத்திருத்தல் கூடும். அதை இளைஞரும் சொன்னார். எனினும் அவ்வளவு வேற்றுமையை நாம் எதிர்பார்க்கவில்லை. மூட்டை சுமக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து, "நான் ஒருத்தன்தான் குடிக்காதவன் என்று இத்தனை வருஷமும் வெட்கப்பட்டுக் கொல்லைப்புறத்தில் கிண்ணத்தை வாங்கி வாழைக்கு ஊற்றி வந்தேன்" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து பெருஞ்சிரிப்பு எழுந்தது. அவர் மனைவியே அதை அன்றுதான் அறிந்தார்.

பிற ஊர்களில் பாடம் நடத்தும் அன்பர்கள் இம்முறையைச் செய்து பார்க்கலாம். திரை கனமானதாக இருக்கட்டும். கொட்டை கலயத்தில் விழும் ஓசை வெளியே கேட்கலாகாது, ஆதலின் அடியில் சிறிது மணல் பரப்புக. எவர் இட்டார் என்று பின்னர் ஆராய்வோரைக் கூட்டத்தலைவர் கண்டிப்புடன் தடுத்தல் வேண்டும். குவியலைக் கண்டபின் உபதேசம் நீண்டதாக இருக்க வேண்டுவதில்லை. சாகதர் வரலாற்றை மாத்திரம் படித்தால் போதும்.

எங்கள் வட்டத்தில் வரும் பௌர்ணமி உபோசத நாளன்று மீண்டும் கலயங்கள் வைக்கப்படும். இம்முறை மூன்றாவது கலயம் ஒன்றும் வேண்டும் என்று இளைஞர் கூறியிருக்கின்றார். கடந்த ஆண்டுகளில் பிறருக்கு ஊற்றிக் கொடுத்தவரும், வாங்கிக் கொடுத்தவரும், அதற்குப் பணம் கொடுத்தவரும் அதில் ஒரு கொட்டை இடவேண்டும். அன்று நாமும் திரைக்குப் பின்னால் செல்வோம்.